கூந்தலும் கத்தரிகையும்

மனிதன் தன் உடம்பில் நோவின்றி வெட்டிக் களையத்தக்கவை நகமும் மயிருமே. அவற்றுள் நகம் பிறர் கண்ணிற் படுவது குறைவு. தலைமயிரோ, ஒருவனைத் தொலைவிற் கண்டவுடனே அவன் இன்ன நாட்டினன், இன்ன சமயத்தினன், இன்ன நிலையினன் என்பதைப் பிறர்க்கு அறிவிக்கும் அடையாளமாய் நெடுங்காலம் விளங்கியது. தமிழ்மொழி அதற்கு வழங்கிய பெயர்களே இதனை உணர்த்தும். ஆடவர் தலைமயிர் குஞ்சி எனவும் மகளிர் தலைமயிர் கூந்தல் எனவும் வேறு பிரித்துக் கூறப்பட்டன. ஐவகையாக முடிக்கப்பட்டமையாற் கூந்தல் ஐம்பால் எனவும் பெயர் பெற்றது. நெளிவும் சுருளும் உடைய நீண்ட கூந்தலைச் சங்கப் புலவர் ஆற்றின் அறல்மணலுக்கு ஒப்பிட்டனர். நீர் வற்றிய ஆற்றின் மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைக் கண்டோர் அவ்வுவமையின் பொருத்தத்தை அறிவர். திருவள்ளுவரோ தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை காட்டினார். மொட்டையும் சடையும் துறவுக்கு அடையாளம் ஆகா என்றும், உலகம் பழிக்கும் செயலை ஒழித்தலே துறவு என்றும் அவர் தெளிவுறுத்தினார்.

இத்துணைச் சிறப்புடைய தலைமயிரை வெட்டும் உரிமை யாருடையது? இவ்வினா மேற்போக்கில் நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். கண்ணாடியின் முன் நின்று தன் கூந்தலைத் தானே கத்தரித்துக் கொள்ளும் இக்காலத்து இளைஞனோ மங்கையோ இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடத்து, தன் தலையைத் தன் கையால் திருத்திக் கொள்ளுதல் எக்காலத்தும் எல்லார்க்கும் எளிதாய் இருந்ததில்லை என்பது புலனாகும். அரசன் ஆணையால் வெட்டப்பட்ட கூந்தலும் உண்டு. வழக்கத்தின் கொடுமையால் மழிக்கப்பட்ட தலையும் உண்டு. வெட்டுவார் இன்மையால் தானே வெட்டிக் கொண்ட கையும் உண்டு. இம்மூன்றும் ஒருங்கே வந்து கூடும் களமாகக் கண்டி நாடு அமைந்துள்ளது.

கண்டி நகரிலிருந்து வடகிழக்கே சில கல் தொலைவில், நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் வத்தேகம. பழைய தும்பறைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூர், 1880ஆம் ஆண்டிற் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டபின் ஒரு நிலையமும் கடைத்தெருவும் உடையதாய் வளர்ந்தது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். அண்மையில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் மடவளை. மேலே பன்விலைப் பக்கத்து மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்டங்கள். 19ஆம் நூற்றாண்டில் இக்கடைத்தெரு வழியே நடந்து சென்றவன் மூவகைத் தலைகளைக் கண்டிருப்பான். கிராமத்துச் சிங்கள ஆடவர் நீண்ட மயிரைப் பிடரியிற் கொண்டையாக முடிந்திருந்தனர். கொண்டை என்னும் தமிழ்ச்சொல்லே சிங்களத்திலும் கொண்டே என வழங்குகின்றது. தோட்டத்துத் தமிழர் முன்தலையை மழித்துப் பின்னே குடுமி வைத்திருந்தனர். முஸ்லிம் ஆடவரோ தலையை முழுதும் மழித்துத் தொப்பி அணிந்தனர். அவர்களுக்குத் தலைமழிக்கும் தொழில் செய்தோர் ஒஸ்தா எனப்பட்டனர். இம்மூன்று கோலங்களுள் எதனையும் ஒருவன் தானே தெரிந்து கொள்ளவில்லை. பிறப்பே அவனுக்கு அதனைத் தெரிந்து கொடுத்தது.

கண்டி அரசில் மன்னன் தலைமயிரே ஓர் அரச கருமமாக மதிக்கப்பட்டது. அரண்மனை அதிகாரிகளுள் தியவடன நிலமே என்பவர் ஒருவர். நீர் கொணர்ந்து அளிக்கும் தலைவர் என்பது அப்பெயரின் பொருள். மன்னரின் நீராட்டை மேற்பார்வை செய்தலும், அவர் கூந்தலைக் கழுவிச் சீவி முடிப்பித்தலும் அவர் கடமைகளாயின. நாட்டில் யாவரினும் வல்லவனாகிய மன்னன் தன் கூந்தலைத் தானே தொடுதல் முறையன்று எனக் கருதப்பட்டது போலும். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி இறுதி மன்னனாகிய ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் தும்பறையில் மெதமகாநுவரவுக்கு அண்மையிற் சிறைப்பிடிக்கப்பட்டான். அவ்வாண்டு மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டது. வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான். நீராட்டப்படுதற்கு அரசன் இலனாயினும் தியவடன நிலமே என்னும் பதவி அழியவில்லை. தலதா மாளிகையின் இல்லறத் தலைவருக்கு உரிய பெயராக அது இன்றும் நிலவுகின்றது.

மன்னன் தலைக்கு இத்துணை மதிப்பு இருக்க, மக்கள் தலையைத் திருத்திய நாவிதருக்கு இருந்த மதிப்பு யாது? 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டுச் சாதி முறையை விரித்துரைக்கின்றார். நாவிதர் குலத்து ஆடவரும் பெண்டிரும் மேற்சட்டை அணிய அனுமதி உண்டு. ஆனால் மணையில் அமர்தல் ஆகாது. பிற குலத்தார் அவர்களோடு உண்ணார் என்பது அவர் தரும் செய்தி. ஒருவனுடைய தலையையும் முகத்தையும் கழுத்தையும் கூரிய கத்தியோடு தொடும் உரிமை பெற்றவன், அவனோடு ஒரு பிடி சோறு உண்ணும் உரிமை பெறவில்லை. உயிரையே நம்பி ஒப்படைக்கத் துணிந்த சமுதாயம் உணவைப் பகிரத் துணியாமை எண்ணி நாணத்தக்கது.

இம்மன்னரும் மக்களும் போற்றிய பௌத்த மரபில், தன் கூந்தலைத் தானே கொய்த ஒருவரின் வரலாறு நடுநாயகமாக நிற்கின்றது. ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாய் அமைந்த பாளி நூலாகிய நிதானகதை அதனைக் கூறும். அரண்மனையை விட்டு நள்ளிரவில் வெளியேறிய சித்தார்த்தர் அநோமை ஆற்றைக் கடந்தார். நீண்ட கூந்தல் துறவிக்கு ஏலாது என எண்ணினார். ஆயின் அதனை வெட்டத் தகுந்தவர் அங்கு எவரும் இலர். ஆகவே வலக்கையில் வாளை ஏந்தி, இடக்கையால் முடியையும் கூந்தலையும் ஒருங்கே பற்றி, ஒரே வீச்சில் அறுத்தார். எஞ்சிய மயிர் இரண்டு அங்குல அளவினதாய், வலப்பக்கம் சுரிந்து தலையோடு படிந்தது. அதன்பின் வாழ்நாள் முழுதும் அவ்வளவிலேயே நின்றது என்பர். புத்தர் சிலைகளின் தலையிற் காணப்படும் சிறுசிறு வலஞ்சுழிகளுக்கு மரபு கூறும் காரணம் இதுவே.

இக்கதையில் உலகியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. நெளிவுள்ள கூந்தல் நீண்டு வளருங்கால் அதன் எடையே அதனைக் கீழ்நோக்கி இழுத்து நெளிவைத் தளர்த்துகின்றது. குறுக வெட்டியவுடன் எடை நீங்குதலால் சுருள் மேலெழுகின்றது. நனைந்த நிலையில் நீண்டு தோன்றுவது உலர்ந்தபின் சுருங்கி நிற்கும். ஆதலின் நெளிகூந்தலைத் தாமே வெட்ட முற்படுவோர் வேண்டிய அளவினும் சற்று நீளமாகவே விட்டு வெட்டுதல் அறிவுடைமை. கூந்தல் முழுவதையும் ஒரு கையில் திரட்டிப் பற்றி மற்றைக் கையால் அறுத்தல், துணையின்றி வெட்டுவார்க்கு இயல்பாய் வாய்க்கும் முறை. வீட்டில் தனியே வெட்டுவோர் கூந்தலை ஒன்றாக முடிந்து, முடிச்சுக்கு அப்பாற் கத்தரிப்பதும் அதுவே. வாளின் இடத்தைக் கத்தரிகை பெற்றதொன்றே வேறுபாடு.

புத்தரின் கேசம் இலங்கை வரலாற்றிலும் இடம் பெற்றது. மகியங்கனையில் உள்ள தாதுகோபம் அவருடைய கேசத்தை உள்ளடக்கி எழுந்தது என மகாவம்சம் கூறும். தும்பறை மலைகளைக் கடந்து கிழக்கே இறங்கும் பாதை அம்மகியங்கனைக்கே செல்கின்றது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த முதலாம் மொக்கல்லான மன்னன் காலத்தில், சிலாகாலன் என்பான் இந்தியாவிலிருந்து கேச தாது ஒன்றைக் கொணர்ந்தான் என்றும், அதன் பயனாகப் பெருமதிப்புப் பெற்றுப் பின்னாளில் தானும் அரசனானான் என்றும் சூளவம்சத்தால் அறியலாம். வள்ளுவர் உவமையில் இழிந்ததாய்க் காட்டப்பட்ட பொருள், இங்கே தங்கப் பேழையில் வைத்து வணங்கப்பட்டது. வெட்டிய மயிரின் மதிப்பு மயிரில் இல்லை. அதனை உகுத்த தலையில் உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பௌத்த சங்கம் இக்கருத்தை ஒரு விதியாகவே அமைத்துக் கொண்டது. பிக்குவுக்கு உரிய எட்டுப் பொருள்களுள் மழிகத்தியும் ஒன்று. சீவரம், பிச்சைப் பாத்திரம், ஊசி, நீர்வடி முதலியவற்றோடு அதனையும் அவர் தம்முடன் வைத்திருத்தல் வேண்டும். தலையை மழித்தற்கு அவர் ஊர் நாவிதனின் வரவை எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை. ஒருவருக்கொருவர் மழித்துக் கொள்வர். இதனினும் சிறந்த செய்தி உபாலியின் வரலாறு. சாக்கிய இளவரசர்க்கு நாவிதராயிருந்த உபாலி அவ்விளவரசரோடு துறவு பூண வந்தபோது, இளவரசர் தம் செருக்கு அடங்கும் பொருட்டு உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு வேண்டினர். அதனால் முன்னே துறவு பூண்ட நாவிதரைப் பின்னே துறவு பூண்ட இளவரசர் வணங்க நேர்ந்தது. முதலாம் சங்கீதியில் விநயத்தை எடுத்தோதியவரும் அவ்வுபாலியே. 1753ஆம் ஆண்டிற் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் காலத்திற் சீயத்திலிருந்து வந்து கண்டியில் உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டிய தேரரின் பெயரும் உபாலி என்பது. நாவிதரை மணையில் அமரவொட்டாத நாட்டில், ஒரு நாவிதர் பெயரைத் தாங்கிய துறவியின் முன் அரசனும் பிரதானிகளும் பணிந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனிப் பிறர் கையால் வெட்டப்பட்ட கூந்தலை நோக்குதல் வேண்டும். சேரன் செங்குட்டுவன் பழையனை வென்று அவன் காவல்மரமாகிய வேம்பை வீழ்த்தியபின், பகைவர் மனைவியரின் கூந்தலைத் திரித்த கயிற்றால் யானைகளைப் பூட்டி அம்மரத்தை இழுப்பித்தான் எனப் பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும். கணவரை இழந்த மகளிர் கூந்தலைக் களைந்த செய்தி புறநானூற்றிலும் வருகின்றது. தோல்வியின் அடையாளமாக ஒரு கூந்தலும், கைம்மையின் அடையாளமாக ஒரு கூந்தலும் கொய்யப்பட்டன. இரண்டிலும் கூந்தலுக்கு உரியவளின் விருப்பம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பெரியபுராணத்து மானக்கஞ்சாற நாயனார் வரலாறு இவற்றின் வேறானது. மகளின் திருமண நாளன்று மாவிரதியார் கோலத்தில் வந்த இறைவன், வணங்கி எழுந்த மணமகளின் நீண்ட கூந்தலைக் கண்டு, அது தமக்குப் பஞ்சவடிக்கு ஆகும் என்றார். பஞ்சவடி என்பது மயிராற் செய்யப்பட்டு மாவிரதியர் மார்பில் அணியும் பூணூல். நாயனார் சிறிதும் தயங்காது அவ்வில்லத்திலேயே, தம் கையாலேயே அதனை அடியோடு அரிந்து அளித்தார். பின்னர் இறைவன் அருளாற் கூந்தல் மீண்டும் வளர, மணமகனாகிய ஏயர்கோன் கலிக்காமர் அவளை மணந்தார். தமக்கு மிக அரியதைத் தயங்காது கொடுத்த அன்பின் திண்மையையே சேக்கிழார் இதனாற் காட்டினார். அவ்வன்பைப் போற்றும் வேளையிலும், கொடுத்த கை தந்தையினது, கூந்தல் மகளினது என்பதை வரலாறு கற்போர் குறித்துக் கொள்ளுதல் தவறாகாது.

கைம்பெண்கள் தலையை மழிக்கும் வழக்கம் இந்தியாவில் உயர்குலத்தார் சிலரிடையே மிகக் கொடிதாய் வேரூன்றியிருந்தது. அதனை எதிர்த்துச் சீர்திருத்தவாதிகள் பலர் எழுதினர், பேசினர். ஆயின் 1890ஆம் ஆண்டிற் பம்பாயில் நாவிதர் பலர் கூட்டம் கூடி, இனி விதவையர் தலையைத் தாம் மழிப்பதில்லை எனத் தீர்மானித்தமை அறிஞர் உரைகள் பலவற்றினும் வலியதாயிற்று. கத்தியைப் பிடித்த கை மறுத்தாலன்றோ கொடுமை நிற்கும்? மணையில் அமரத் தகாதவர் எனக் கருதப்பட்டோரே அன்று அறத்தின் பக்கம் எழுந்து நின்றனர்.

அரசு தலைமயிரிற் கைவைத்தமைக்குச் சீன நாடு பெருஞ்சான்று. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சீனத்தை வென்ற மஞ்சூ அரசர், ஆடவர் யாவரும் முன்தலையை மழித்துப் பின்னே நீண்ட சடை பின்னிவிடல் வேண்டும் என ஆணையிட்டனர், மறுத்தோர் தலையிழந்தனர். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளின் பின் 1911ஆம் ஆண்டுப் புரட்சியில் அதே சடையை வெட்டுதல் விடுதலையின் அடையாளமாயிற்று. ஆட்சி இழந்தும் அரண்மனையில் வாழ்ந்த இளம்பேரரசர் பூயீ, 1920களின் தொடக்கத்தில் தம் சடையை வெட்டுமாறு அரண்மனை நாவிதனைப் பணித்தார். அவன் அஞ்சி நடுங்கி, வேறொருவரிடம் அப்பணியை ஒப்படைக்குமாறு கெஞ்சினான். பேரரசர் மறுமொழி கூறாது வேறோர் அறைக்குள் சென்று, கத்தரிகையை எடுத்துத் தாமே வெட்டிக் கொண்டார். அவருடைய ஆங்கில ஆசிரியராயிருந்த ரெஜினால்ட் ஜோன்ஸ்ரன் இதனைத் தம் நூலிற் குறித்துள்ளார்.

நாவிதன் அச்சத்தால் மறுத்த தலை பேரரசருடையது. நாவிதன் இகழ்ச்சியால் மறுத்த தலை ஒன்றும் உண்டு. தென்னாபிரிக்காவிற் பிரிட்டோரியா நகரில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகள் ஒருநாள் ஆங்கிலேய நாவிதர் ஒருவரிடம் சென்றார். கறுத்த நிறத்தவருக்கு மயிர் வெட்டுவதில்லை என்று அந்நாவிதர் இகழ்ந்து அனுப்பிவிட்டார். காந்தியடிகள் மயிர்வெட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்து, கண்ணாடியின் முன் நின்று தாமே வெட்டிக் கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கமோ கெட்டது. நீதிமன்றத்தில் நண்பர்கள் நகைத்து, எலிகள் தலையைக் கடித்தனவோ என்று வினவினர். அவர் உள்ளதைக் கூறினார். ஆயினும் இந்நிகழ்ச்சியைத் தம் தன்வரலாற்றில் எழுதியபோது அவர் அந்நாவிதரைக் குறை கூறவில்லை. கறுத்தவருக்கு வெட்டினால் அவர் தம் வாடிக்கைக்காரரை இழக்க நேரும் என்றும், நம் நாட்டிலே தீண்டாதார் எனப்படும் சகோதரருக்கு நம் நாவிதர் தொழில் செய்ய நாம் விடுவதில்லையே என்றும் எழுதினார். பிறர் இழைத்த சிறுமையில் தம்மவர் இழைக்கும் பெருஞ்சிறுமையைக் கண்டமையே அவர் பெருமை.

காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்தார், கண்டிக்கும் வந்தார், மலைநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மக்களிடையே பேசினார். தீண்டாமையை ஒழிக்குமாறு அவர் வற்புறுத்திய நாட்டில் அவர் கூறிய குறை முழுவதும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாவிதர் பஞ்சமருள் ஒரு பிரிவாகவே எண்ணப்பட்டனர். கோயில் வாயிலில் அவர் நிறுத்தப்பட்டனர். ஆயினும் ஊர்ப் பெரியோர் வீட்டு மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் அவர் இன்றியமையாதவராயினர். மணமகனுக்கு முகம் மழித்தலும், இறந்தார்க்குரிய சடங்குகளிற் கூடநின்று பணிசெய்தலும் அவர் கடன். மருத்துவமும் அறிந்திருந்தமையாற் பரிகாரி என்னும் பெயரும் அவர்க்கு உண்டு. ஐரோப்பாவிலும் நாவிதரே அறுவை மருத்துவராயிருந்தனர். இலண்டனில் 1540இல் ஒன்றாக்கப்பட்ட அவ்விரு தொழிற் சங்கங்கள் 1745இலேயே பிரிந்தன. அங்கே கத்தி பிடித்த கை மருத்துவக் கல்லூரிக்கு வழி கண்டது. இங்கே அது ஊர் எல்லையைக் கடக்க முடியாது நின்றது. மேலும், தம்மினும் தாழ்ந்தோர் எனப்பட்டவர்க்குத் தொழில் செய்யாதவாறு அந்நாவிதரே தடுக்கப்பட்டனர். அத்தடையால் ஒதுக்கப்பட்டோர் தம் வீடுகளில் ஒருவர் தலையை ஒருவர் திருத்திக் கொண்டனர். வீட்டிலேயே மயிர் வெட்டிக் கொள்ளுதல் அவர்களுக்குச் சிக்கனமும் அன்று, பொழுதுபோக்கும் அன்று. மூடிய கதவின் விளைவு.

மலைநாட்டுத் தோட்டங்களின் நிலை சிறிது வேறுபட்டது. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள், மன்னாரிலிருந்து காடு வழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். அவர்களோடு சலவைத் தொழிலாளரும் நாவிதரும் வந்தனர். தோட்டத்தில் லயங்களுக்குச் சென்று நாவிதர் தொழில் செய்தனர். அவர்களுக்குரிய கூலி தொழிலாளரின் சம்பளத்திற் பிடித்தமாகக் கழிக்கப்பட்டு வந்தது. சலவைக்கு இவ்வளவு, சவரத்துக்கு இவ்வளவு எனச் சம்பளச் சீட்டிலே எழுதப்பட்டது. தன் தலைமயிரை வெட்டும் கூலியைத் தன் கையாற் கொடுக்கும் உரிமை தானும் அத்தொழிலாளிக்கு முழுமையாக இருந்ததில்லை. குழந்தைக்கு முதன்முதல் முடியிறக்குதலும், நேர்த்திக்கடனாக மாரியம்மனுக்கும் முருகனுக்கும் முடி கொடுத்தலும் அவன் தானே விரும்பிச் செய்தவை. ஆகையால் அவை அவனுக்கு விழாவாயின.

குடுமியும் கொண்டையும் மறைந்து கிராப்பு வந்தது அடுத்த மாற்றம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிற் கிறித்தவராயினோர் குடுமியைக் களைதல் வேண்டுமோ என்னும் வாதம் பாதிரிமாரிடையே எழுந்தது. குடுமி சமயக்குறி அன்று, நாட்டு வழக்கமே என்று கால்டுவெல் எழுதினார். 1888இல் இலண்டனுக்குப் புறப்பட்ட இளைஞர் காந்தி, வெறுந்தலையோடு நிற்குங்கால் ஆங்கிலேயர் நகைப்பர் என அஞ்சிக் குடுமியை நீக்கியதையும், அவ்வச்சத்துக்காகப் பின்னாளில் நாணியதையும் தாமே கூறியுள்ளார். ஆங்கிலப் பாடசாலையும் அரசாங்க உத்தியோகமும் பரவப் பரவக் கண்டியிலும் வத்தேகமவிலும் கிராப்புத் தலைகள் பெருகின. 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி, ஆராயாது ஐரோப்பியரைப் பின்பற்றும் போக்கைக் கண்டித்தார். அவர் கண்டனம் பொருளற்றதன்று. ஒரு கட்டளையை விட்டு மற்றொரு கட்டளைக்குத் தலைவணங்குதல் விடுதலை ஆகாது. ஆயினும் கிராப்பு ஒரு நன்மை செய்தது. தலையைக் கண்ட மாத்திரத்தே ஒருவன் சாதியையும் ஊரையும் அறிதல் அதனால் அரிதாயிற்று.

மகளிர்க்கு அம்மாற்றம் பிந்தியே வந்தது. 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்க நடனமாது ஐரீன் காசில், அறுவை மருத்துவத்துக்காக வைத்தியசாலை செல்லுமுன், பேணுதற்கு எளிதாகுமெனத் தம் நீண்ட கூந்தலைக் குறுக வெட்டிக் கொண்டார். அது விரைவில் உலகெங்கும் பரவிய பாணியாயிற்று. 1920களில் மகளிர் ஆடவர்க்குரிய நாவிதர் கடைகளில் வரிசையாக நின்றனர் எனின் அதன் வேகம் விளங்கும். தமிழ்நாட்டிற் பெரியார் ஈ. வெ. இராமசாமி பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் கொள்ளலாம் என்று பேசியபோது பலர் வெகுண்டனர். கைம்பெண்ணின் தலையை அவள் அழ அழ மழித்தபோது எழாத வெகுளி, ஒரு பெண் தன் கூந்தலைத் தானே குறைத்தபோது எழுந்தமை ஆராயத்தக்கது. சமுதாயம் காத்து நின்றது கூந்தலின் அழகையன்று. அதன் மேல் தனக்கிருந்த உரிமையையே.

நாவிதர் நிலையும் மெல்ல மாறியது. வீடு வீடாகச் சென்று தொழில் செய்தவர் கடைத்தெருவில் சலூன் அமைத்துத் தம் கடைக்குத் தாமே உரியவராயினர். இலங்கையில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. யாழ்ப்பாணத்திற் சலூன் நடத்திய டொமினிக் ஜீவா அத்தொழிலைச் செய்து கொண்டே சிறுகதைகள் எழுதினார்; தம் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார்; 1966இல் மல்லிகை என்னும் இலக்கிய இதழைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார். தம் குலத்தையும் தொழிலையும் அவர் எங்கும் மறைக்கவில்லை. நொக்ஸ் காலத்தில் மணையில் அமர உரிமையற்றிருந்த தொழிலைச் செய்தவர், மூன்று நூற்றாண்டுகளின் பின் இலக்கிய அவையிலே தலைமை ஆசனத்தில் அமர்ந்தார். மல்லிகையின் படைப்பாளரும் வாசகரும் அவருடைய சலூனைத் தேடி வந்தனர்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி கொள்ளைநோய் காரணமாக இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கண்டி மாவட்டம் நெடுநாள் அடைக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. சலூன்கள் மூடப்பட்டன. அப்பொழுது வீடுகளிலே தாய் மகனுக்கும், மனைவி கணவனுக்கும், சகோதரி சகோதரிக்கும் மயிர் வெட்ட நேர்ந்தது. துணையில்லாதோர் கண்ணாடியின் முன் தாமே வெட்டிக் கொண்டனர். கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டுதலையும், பிடரி கண்ணுக்கு எட்டாமையையும், நெளிகூந்தல் உலர்ந்தபின் எதிர்பாராது குறுகுதலையும் பலர் அன்று முதன்முதல் அறிந்தனர். எளியதென எண்ணியிருந்த தொழிலின் நுட்பம் அவர்களுக்குப் புலப்பட்டது. அவ்வேளையில் நாள்வருவாயை நம்பி வாழ்ந்த நாவிதர் வீடுகளில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என எண்ணியோர் எத்துணைப் பேர்?

தன் கூந்தலைத் தானே வெட்டுதல் என்னும் சிறுசெயல் இவ்வாறு பல பொருள் தருவதாயிற்று. சித்தார்த்தர் கையில் அது துறவு. பூயீயின் கையில் அது விடுதலை. காந்தியடிகள் கையில் அது தன்மானம். ஒதுக்கப்பட்டோர் கையில் அது வேறு வழியின்மை. செயல் ஒன்றே, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே அதன் பொருளை வேறுபடுத்துகின்றது. விரும்பினால் வீட்டில் வெட்டலாம், விரும்பினால் கடைக்குச் செல்லலாம், அங்கே யாருடைய தலையும் மறுக்கப்படாது, வெட்டுபவரும் வெட்டப்படுபவரும் ஒரே மணையில் அமர்ந்து உண்ணலாம் என்னும் நிலையிலேதான் ஒருவனுடைய தலை முழுதும் அவனுக்கு உரியதாகின்றது.

இன்று வத்தேகமக் கடைத்தெருவிற் செல்வோர் தலையைக் கொண்டு அவர் சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று கூறிவிடுதல் எளிதன்று. தோட்டத்து மாணவனும் கிராமத்து மாணவனும் ஒரே வகையாக வெட்டிய தலையோடு பாடசாலைக்குச் செல்கின்றனர். கண்ணால் அறியக்கூடிய வேற்றுமை இவ்வாறு நீங்கிற்று. தலைக்குள்ளே எஞ்சி நிற்கும் வேற்றுமையைக் களைதற்குக் கத்தரிகை உதவாது. அது கல்வியின் கடமை. பிறர் தலையைத் திருத்தும் கைகளை மதிக்கவும், தன் தலையைப் பிறர் ஆணைக்கு விடாது காக்கவும் கற்பித்தலே அக்கல்வியின் முதற்பாடமாதல் வேண்டும்.